வாரண்டியும் ஒரு முழங்கால் வலியும்

சோபாவில் உட்கார்ந்ததும் ‘மளுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது.

ஆராய்ச்சியார் மூச்சைப் பிடித்துக்கொண்டார். சத்தம் சோபாவுக்கு உள்ளேயிருந்து வரவில்லை, சோபாவுக்கும் தனக்கும் நடுவிலிருந்து வந்தது என்பது அவருக்கு உடனே விளங்கிவிட்டது. வலது கையைப் பின்னால் விட்டு விரிப்புக்கு அடியில் துழாவினார். தட்டையாக, வழவழப்பாக, மூலை மழுங்கிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. மனைவியின் புது லேப்டாப்.

“என்னங்க சத்தம்?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் அன்றைக்கு அவருக்குக் கிடைக்கப் போவதில்லை. பாவம், அது அவருக்கு எப்படித் தெரியும்?

“முட்டிதான். வயசாகுதுல்ல” என்றார்.

ஆராய்ச்சியார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். கொள்முதல் பிரிவில் வேலை. ஒரு டப்பா குண்டூசி வாங்குவதென்றாலும் அதில் நாலு ஊசியை வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். நாற்காலி வாங்கினால் கடைக்காரர் கண்ணெதிரே நேராக, சாய்ந்து, கால்மேல் கால் போட்டு என்று விதவிதமாக உட்கார்ந்து பார்ப்பார். ஒருமுறை அப்படியே தூங்கியும் பார்த்திருக்கிறார். வீட்டிலும் இதே சட்டம்தான். அவரைக் கேட்காமல் ஒரு வடிகட்டிகூட வாசற்படி தாண்டாது. முன்பு எப்போதோ மனைவி தானாகப் போய் ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தாள். அதன் மூடி ஒழுகியது. அந்த மூடியைப் பற்றி சொந்தக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களில்கூடப் பேசியிருக்கிறார். பிளாஸ்க் எப்போதோ குப்பைக்குப் போய்விட்டது, மூடி மட்டும் அவர் வாயில் பத்திரமாக இருந்தது.

அப்படிப்பட்டவர் இப்போது எதன்மேல் உட்கார்ந்திருக்கிறார் என்பதுதான் விஷயம்.

பல வருஷத்துக்கு அப்புறம் மனைவிக்கு வேலை கிடைத்திருந்தது. ஒரு கம்பெனிக்கு வீட்டிலிருந்தே கணக்குப் பார்க்கும் வேலை. திங்கட்கிழமை ஆரம்பம். சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்ததை எடுத்துக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனாள். ஆராய்ச்சியார் கூடவே போனார், நிபுணர் என்ற முறையில்.

கடையில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர், லேப்டாப்பைப் பெட்டியில் வைத்துக்கொண்டே, “மேடம், இன்னும் கொஞ்சம் கட்டினீங்கன்னா கூடுதல் வாரண்டி உண்டு. கீழ விழுந்தாலும் சரி, உடைஞ்சாலும் சரி, நாங்க பாத்துக்குவோம்” என்றார்.

“எடுத்துக்கலாங்க. எனக்கென்னமோ பயமா இருக்கு” என்றாள் மனைவி.

“அந்தப் பயத்தைத்தான் இவங்க விக்கிறாங்க” என்று ஆராய்ச்சியார் ஆரம்பித்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் காதைக் கொடுத்தார்கள். காது கிடைத்தால் அவர் விடுவாரா? “ஏன் சார், பொருள் நல்ல பொருள்னா எதுக்கு வாரண்டி? மோசமான பொருள்னா எதுக்கு விக்கிறீங்க?”

வரிசையில் ஒருவர் “அப்படிக் கேளுங்க” என்றார்.

“அதுக்கில்லைங்க, கை தவறி ஏதாவது...” என்று மனைவி இழுத்தாள்.

“கை தவறுறவங்களுக்கு எதுக்கு லேப்டாப்? சிலேட்டு போதுமே.”

வரிசை மொத்தமும் சிரித்தது. மனைவியும் சிரித்தமாதிரி ஒன்று செய்துவிட்டு, கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடினாள். அவள் அப்புறம் வீடு வரும்வரை பேசவில்லை என்பதை ஆராய்ச்சியார் கவனிக்கவில்லை. அவர் தன் கேள்வியையே மனசுக்குள் திரும்பச் சொல்லி ரசித்துக்கொண்டு வந்தார்.

கிளம்பும்போது விற்பனையாளர், “மனசு மாறினா ஒரு வாரத்துக்குள்ள வாங்க சார், அப்பவும் சேத்துக்கலாம்” என்று சொன்னார். “மாறாது” என்றார் இவர்.

அது ஞாயிறு. இன்று சனி.

மனைவி தைலப் புட்டியோடு கூடத்துக்கு வந்தாள். “எந்த முட்டி?”

“வலது. இல்ல, ரெண்டுமே.”

“வேட்டியைக் கொஞ்சம் தூக்குங்க.” தரையில் உட்கார்ந்து தைலத்தைத் தேய்க்க ஆரம்பித்தாள். ஆராய்ச்சியார் அசையவில்லை. அசைந்தால் அடியில் ‘நறநற’ என்றது. மூக்கில் தைலம் எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. கண்ணீருக்குத் தைலம்தான் காரணம் என்று அவராகவே நினைத்துக்கொண்டார்.

“ரொம்ப பலமா கேட்டுச்சே. வேற எங்கயாவது உடைஞ்ச மாதிரி இருக்கா?” என்று கேட்டாள்.

“சேச்சே. ஒண்ணும் உடையல.”

“இருந்தா சொல்லுங்க. மறைச்சு வெச்சு என்ன ஆகப்போகுது?”

“இருந்தாத்தானே சொல்றதுக்கு.”

அவள் அடுத்த முட்டிக்குத் தைலம் எடுத்தாள். பிறகு, “அந்த லேப்டாப்பை எங்க வெச்சேன்னு ஞாபகம் வரல. நீங்க பாத்தீங்களா?” என்றாள்.

ஆராய்ச்சியார் விரிப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். திங்கட்கிழமை வரைக்கும் அதைத் தொடாதீர்கள் என்று அவள் தெளிவாகச் சொல்லியிருந்தாள். தொட்டது இவர்தான். முந்தாநாள் அவள் குளிக்கப்போன சமயம் பையிலிருந்து எடுத்து, இதே லேப்டாப் வேறு எங்காவது விலை குறைவாகக் கிடைக்கிறதா என்று பார்த்தார். கிடைக்கவில்லை என்றதும் நிம்மதியாகப் பையிலேயே திரும்ப வைத்ததாகத்தான் ஞாபகம். ஆனால் பையில் வைத்தது சோபாவுக்கு எப்படி வரும்? சோபாவில்தான் போட்டிருக்க வேண்டும். மறதி. ஊரார் மறதிக்கெல்லாம் சிலேட்டு வாங்கிக் கொடுக்கிற ஆளின் மறதி.

“அலமாரில இருக்கும்” என்றார்.

“அப்படியா? அலமாரிலயா?” அவள் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தமாதிரி உதடு அசைந்தது. “அப்ப சரி” என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனாள்.

எவ்வளவு நல்லவள். காலையிலிருந்தே, ‘ஏன் அந்த நாற்காலியிலயே உக்காந்திருக்கீங்க, சோபால உக்காந்தா காத்து வரும்ல’ என்று உபசாரம் வேறு செய்துகொண்டிருந்தாள். அவளுடைய லேப்டாப்பைத்தான் இப்படிச் செய்துவிட்டோம் என்று நினைத்தபோது ஆராய்ச்சியாருக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அருவருப்பு இருந்தது, தைரியம்தான் இல்லை.

குழாய்ச் சத்தம் கேட்டதும் எழுந்து விரிப்பைத் தூக்கி, லேப்டாப்பை ஒரு சாண் திறந்து பார்த்தார். திரையின் குறுக்கே நேராக ஒரு விரிசல். அதைச் சுற்றிச் சின்னச் சின்ன விரிசல்கள். சின்ன விரிசல்களைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த நேர்க்கோடு? அவ்வளவு நேரான பாகம் தன் உடம்பில் எங்கே இருக்கிறது என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. லேப்டாப்பையும் சார்ஜரையும் ஆபீஸ் பைக்குள் திணித்தார்.

“நான் ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துடறேன்.”

“நானும் வரட்டுமா?”

“வேணாம் வேணாம். நீ இரு. திங்கக்கிழமை வேலைக்குத் தயாராகணும்ல.”

அந்த வார்த்தையைச் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவள் முகம் வாடிப்போனது. “பை எதுக்கு?” என்று கேட்டாள்.

“குடை இருக்கு.”

“வெயில் கொளுத்துதே.”

“அதான்.”

இல்லாத முட்டிவலிக்காகத் தெருக்கோடி வரைக்கும் நொண்டினார். மாடியிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்ததால் எந்தக் காலை நொண்டுவது என்பதில் குழப்பம் வந்து, இரண்டையும் மாற்றி மாற்றி நொண்டினார். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒதுங்கி வழிவிட்டார்.

கடையில் நல்ல கூட்டம். ஆராய்ச்சியாரின் திட்டம் எளிமையானது. ஓசைப்படாமல் போய் வாரண்டியைச் சேர்ப்பது. ரெண்டு நாள் கழித்து, ஐயோ உடைந்துவிட்டதே என்று வருவது. இதற்குப் பெயர் ஏமாற்று வேலை என்பது கொள்முதல் பிரிவில் தலை நரைத்தவருக்குத் தெரியாமல் இல்லை. இதே காரியத்தை ஆபீஸில் வேறு ஒருவர் செய்திருந்தால் விசாரணை வைத்து நாறடித்திருப்பார். அதை நினைக்காமல் இருக்கத்தான் வேகமாக நடந்தார்.

“வாங்க சார் வாங்க” என்று டை கட்டியவர் கடை அதிர வரவேற்றார். “உங்களை மறக்க முடியுமா? அன்னிக்கு நீங்க பேசினதுல பின்னாடி நின்ன ஒருத்தர்கூட வாரண்டி எடுக்கல. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, உன் பேச்சைவிட கஸ்டமர் பேச்சு நல்லா இருக்கேன்னு திட்டினாரு.”

“கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன்.”

“சொல்லுங்க சார், என்ன வேணும்?”

“அதாவது... அந்த வாரண்டி.”

“அதைப் பத்தி இன்னும் கேள்வி இருக்கா?”

“இல்ல. எடுக்கலாம்னு.”

விற்பனையாளர் டையைச் சரிசெய்துகொண்டார். கவுண்டரில் ஒரு தம்பதி வாரண்டி வேண்டுமா வேண்டாமா என்று குழம்பி நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள் பக்கம் திரும்பி, “சார், மேடம், இவரைப் பாருங்க. போன வாரம் இதே இடத்துல நின்னு வாரண்டியே தண்டம்னு சொன்னவரு. இன்னிக்கு அவரே தேடி வந்துட்டாரு. ஏன்னு அவர் வாயாலயே கேளுங்க” என்றார்.

“ஏன் சார்?” என்று அந்தப் பெண் நிஜமான ஆர்வத்தோடு கேட்டாள்.

ஆராய்ச்சியார் பையை மார்போடு அணைத்துக்கொண்டார். “வந்து... பொருள்னு இருந்தா... எதுவும் சொல்ல முடியாது பாருங்க. கை தவறி ஏதாவது...”

சொல்லும்போதே அது யாருடைய வாக்கியம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

“நல்லது சார். மெஷினை ஒரு தடவை ஆன் பண்ணிக் காட்டுங்க. நல்ல நிலைமைல இருக்குன்னு பாத்துட்டுப் பதிஞ்சிடறேன்.”

“மெஷின் வீட்ல இருக்கு.”

“பைல?”

“குடை.”

விற்பனையாளர் பையைப் பார்த்தார். கவுண்டரில் நின்ற தம்பதியும் பார்த்தார்கள். ஜிப்புக்கு வெளியே சார்ஜர் ஒயர் ஒரு முழத்துக்குத் தொங்கிக்கொண்டிருந்தது.

“சார்ஜ் போடற குடையா சார்?” என்று வரிசையில் யாரோ கேட்டார்கள்.

வரிசை மொத்தமும் சிரித்தது. ஆராய்ச்சியாரும் சிரித்தமாதிரி ஒன்று செய்தார். கை என்ன செய்வதென்று தெரியாமல் பையின் ஜிப்பைத் திறந்து மூடியது. அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போன ஞாயிற்றுக்கிழமை இதே வெளிச்சத்தில், இதே சிரிப்புக்கு நடுவில் நின்றவள் அவள். அவளை நிற்க வைத்தவர் இவர். காது மடல் சூடாகி, கழுத்து சூடாகி, தரை பிளந்தால் தேவலை என்றிருந்தது. அவமானத்தைவிட, அன்றைக்கு அவள் எப்படி ஒரு வார்த்தை பேசாமல் கூடவே நடந்து வந்தாள் என்பதுதான் அதிகமாகக் குத்தியது.

விற்பனையாளர் கெட்டவர் இல்லை. கிட்டே வந்து குரலைத் தாழ்த்தி, “உடைஞ்சிருச்சா சார்?” என்றார்.

ஆராய்ச்சியார் தலையைக் குனிந்துகொண்டார்.

“இப்ப வாரண்டில ஒண்ணும் பண்ண முடியாது. பின்தெருல ஒரு அம்மா ரிப்பேர் கடை வெச்சிருக்காங்க. சீக்கிரமா பண்ணித் தருவாங்க, போய்ப் பாருங்க” என்றார்.

வெளியே வந்த ஆராய்ச்சியார் நொண்டுவதற்கு மறந்துபோனார். நடையில் பாதித் தூரம் இனி உண்மையையே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். மீதித் தூரத்தில் அந்த முடிவைத் திங்கட்கிழமைக்கு மேல் தள்ளிவைத்தார்.

ரிப்பேர் கடை என்பது ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்த அறை. சுவர் முழுக்க ஒயர்கள், மேஜை முழுக்க வயிறு திறந்த மெஷின்கள். நெற்றிமேல் பூதக்கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் டீ குடித்துக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் காலாலேயே ஒரு ஸ்டூலை நகர்த்தி, “உக்காருங்க சார்” என்றார்.

உட்கார்வதற்கு முன் ஆராய்ச்சியார் ஸ்டூலை இரண்டு முறை தடவிப் பார்த்தார்.

“என்ன பிரச்சினை?”

“எனக்கில்ல. என் ஆபீஸ்ல ஒருத்தர். அவரோட வீட்டம்மா லேப்டாப். திரை போயிருச்சு.”

“திரைதானே? எல்லா மாடலுக்கும் இருப்பு இருக்கு. நாளைக்கே மாத்திடலாம்.”

நாளைக்கே. அப்படியென்றால் திங்கட்கிழமைக்குள் தயார். ஆராய்ச்சியாரின் உடம்பிலிருந்து ஒரு மூட்டை இறங்கினமாதிரி இருந்தது. இறங்கின சுகத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது. ஆள் வேறு யாரோ என்று சொல்லியாகிவிட்டதால் சொல்வதற்கு வெட்கமாகவும் இல்லை.

“அந்த ஆளைச் சும்மா சொல்லக்கூடாதும்மா. வாய் மட்டும் எட்டூருக்கு. அந்தம்மா பாவம், வாரண்டி எடுத்துக்கலாம்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்களாம். கடை நிறைய ஆளுங்களை வெச்சுக்கிட்டு இவரு நக்கலடிச்சிருக்காரு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. இப்ப இவரே உடைச்சுட்டு, அவங்க மூஞ்சில முழிக்க முடியாம திரியுறாரு.”

“தப்பு பண்ணிட்டாருன்னா போய் ஒத்துக்க வேண்டியதுதானே?”

“ஒத்துக்கணும்னுதான் நினைக்கிறாரு. உடைச்சதைக்கூடச் சொல்லிடலாம். அன்னிக்கு அப்படிப் பேசினது தப்புன்னு சொல்லணும் பாருங்க, அதுதான் வாயில வரமாட்டேங்குது. பழக்கமில்ல.”

கடைசி வார்த்தையில் அவர் குரல் கம்மிவிட்டது. அந்த அம்மாள் கொஞ்சம் பரிதாபத்தோடு பார்த்தார். “சரி விடுங்க சார். எடுங்க, பாக்கலாம்.”

ஆராய்ச்சியார் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த அம்மாள் டீக் குவளையை நகர்த்திவிட்டு, மூடியின் மூலையில் மனைவி ஒட்டியிருந்த கிளிப்பச்சை ஸ்டிக்கரை ஒரு கணம் பார்த்தார். மூடியைத் திறந்து, குறுக்கே ஓடிய நேர்க்கோட்டை விரலால் தடவினார். பிறகு சுற்றியிருந்த சின்ன விரிசல்களைத் தடவினார்.

“எப்படி ஆச்சுன்னு சொன்னீங்க?”

“உக்காந்துட்டாரு.”

“எதுல வெச்சு?”

“சோபாலதான். விரிப்புக்கு அடியில இருந்திருக்கு, அவரு கவனிக்கல.”

அந்த அம்மாளின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடி நழுவி மூக்குக்கு வந்தது. சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், மேஜைமேல் கையூன்றிக்கொண்டார்.

“எதுக்கும்மா சிரிக்கிறீங்க?”

“தப்பா எடுத்துக்காதீங்க சார். நேத்து இதை ஒரு அம்மா கொண்டு வந்தாங்க. பேனாவை உள்ள விட்டு மூடிட்டாங்களாம், திரை குறுக்க விரிசல் விட்டுப்போச்சு. மாத்தித் தரேன்னு சொன்னேன். ஆனா உடைஞ்சதுக்காக அவங்க அழல. வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சா ஆயுசு பூரா சொல்லிக் காட்டுவாருன்னுதான், நீங்க உக்காந்திருக்கற இதே ஸ்டூல்ல உக்காந்து அழுதாங்க. மனசு கேக்காம நான்தான் ஒரு யோசனை சொன்னேன். ‘பேசாம சோபா விரிப்புக்கு அடியில வெச்சுடுங்க, மிச்சத்தை அவரே பாத்துக்குவாரு’ன்னு.” அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஆனா, அதுக்குள்ளயா உக்காந்துட்டாரு?”